பின் டேபிள் தம்பதி

ரெக்கார்டிஸ்ட்: கட், கட், கட்! அண்ணே, இப்ப என்ன சொன்னீங்க?

ஆண் குரல்: குழாய் ஒழுகுதுன்னு சொன்னேன் சார்.

ரெக்கார்டிஸ்ட்: அது சரி. அதுக்கப்புறம்?

ஆண் குரல்: ஆள் வரச் சொல்லியிருக்கேன்னு...

ரெக்கார்டிஸ்ட்: அதுக்கும் அப்புறம்.

ஆண் குரல்: ...போகாதேன்னு சொன்னேன்.

ரெக்கார்டிஸ்ட்: யாரைப் போகாதேன்னீங்க?

ஆண் குரல்: குழாய் ரிப்பேர் ஆளை.

ரெக்கார்டிஸ்ட்: அவன் இன்னும் வரவே இல்லையே அண்ணே! வராதவனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு போகாதேங்கறீங்க!

பெண் குரல்: அவருக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல போல சார்.

ரெக்கார்டிஸ்ட்: உடம்பு சரியில்லைன்னா வீட்ல படுத்துக்கணும் மேடம், டப்பிங்குக்கு வரக்கூடாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சரி, மறுபடி முதல்லேருந்து வரேன். ரெண்டு பேரும் திரையைப் பாருங்க. என்ன தெரியுது?

ஆண் குரல்: ஹோட்டல்.

ரெக்கார்டிஸ்ட்: முன் டேபிள்ல யாரு?

பெண் குரல்: ஹீரோவும் ஹீரோயினும். பிரியப் போறாங்க.

ரெக்கார்டிஸ்ட்: வாயைத் திறந்து ஏதாவது பேசறாங்களா?

பெண் குரல்: இல்ல சார். கரண்டியால டீயைக் கலக்கிக்கிட்டே இருக்காங்க.

ரெக்கார்டிஸ்ட்: ஒன்றரை நிமிஷம் கலக்கறாங்க. டைரக்டர் ஒரு வசனம் வைக்கலை. ஜனங்க அந்த மௌனத்தைப் பாக்கணுமாம். அப்ப சத்தம் எங்கேருந்து வரணும்? பின் டேபிள்லேருந்து. அங்க ஒரு புருஷன் பொண்டாட்டி முதுகைக் காட்டிக்கிட்டு சாப்பிடறாங்க. முதுகு யாரோடதோ. குரல்?

ஆண் குரல்: எங்களோடது.

ரெக்கார்டிஸ்ட்: ஆங்! அந்தக் குரல்ல பேச்சு இருக்கணும், சேதி இருக்கக்கூடாது. ஒரே ஒரு வார்த்தை எடுப்பா விழுந்துச்சுன்னா போச்சு. அத்தனை ஜனமும் ஹீரோவை விட்டுட்டு உங்க முதுகைப் பாக்கும்.

ஆண் குரல்: பதினாலு வருஷமா இதைத்தானே சார் பண்றேன்.

ரெக்கார்டிஸ்ட்: அதான் எனக்கும் அதிசயமா இருக்கு. எத்தனை படத்துல நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி! ரயில் பெட்டியில, ஆஸ்பத்திரி வராண்டாவுல, கோர்ட் வாசல்ல, வெள்ளத்துல மாட்டின பஸ்ஸுல... ஒரு தடவையாவது நீங்க பேசினது யார் காதுலயாவது விழுந்திருக்கா?

பெண் குரல்: ஒருத்தர் காதுலயும் விழுந்ததில்ல சார்.

ரெக்கார்டிஸ்ட்: அதான் மேடம் தொழில்! ஒரு மணிக்கு அடுத்த கம்பெனி வந்து கதவைத் தட்டும். அதுக்குள்ள முடிக்கணும். உங்களுக்கும் இன்னிக்குத்தான் கடைசி நாளாமே? மேனேஜர் சொன்னாரு.

பெண் குரல்: ஆமா சார். நாளைக்குக் காலைல பஸ்ஸு. அக்கா வீட்டோட போய் இருந்துடலாம்னு.

ரெக்கார்டிஸ்ட்: எத்தனை நாளைக்கு?

பெண் குரல்: நாள் என்ன சார் நாளு, இனிமே அங்கேதான். மாடியில ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா.

ஆண் குரல்: க்கும்...

ரெக்கார்டிஸ்ட்: கனைக்காதீங்க அண்ணே! மைக்குக்கிட்ட நீங்க கனைச்சா எனக்கு இங்க இடி விழுது. டேக் நாலு. சிவப்பு லைட் போட்டாச்சு. பேசுங்க.

பெண் குரல்: என்னங்க, குழாய் இன்னும் ஒழுகுது.

ஆண் குரல்: ஒழுகட்டும்.

பெண் குரல்: வாளி வெச்சா நிரம்பிடுது.

ஆண் குரல்: பெரிய வாளியா வை.

பெண் குரல்: பெரிய வாளியில துணி ஊறுது.

ஆண் குரல்: துணியை எடுத்து சின்ன வாளியில போடு.

பெண் குரல்: சின்ன வாளியிலதான் ஒழுகற தண்ணி இருக்கே.

ஆண் குரல்: அப்ப ஒழுகட்டும்.

பெண் குரல்: எதிர் வீட்டு நாய் காலையிலேருந்து குலைக்குது.

ஆண் குரல்: நாய்னா குலைக்கும்... உங்க அக்கா வீட்ல நாய் இருக்கா?

பெண் குரல்: இல்ல.

ஆண் குரல்: மாடி ரூம்ல காத்து வருமா?

பெண் குரல்: மாடி ஏது, கீழ் வீடுதான்.

ஆண் குரல்: மாடின்னியே?

பெண் குரல்: கீழேயும் இருக்கு, மாடியும் இருக்கு. சாப்பிடுங்க, ஆறிடும்.

ஆண் குரல்: போனா... திரும்பி எப்ப வருவே?

ரெக்கார்டிஸ்ட்: கட்!

ஆண் குரல்: இதுல என்ன சார் தப்பு? அக்கா வீட்டுக்குப் போறவளை எந்தப் புருஷனும் கேக்கறதுதானே?

ரெக்கார்டிஸ்ட்: கேக்கலாம். தொண்டை இடறக் கூடாது. வாளி, துணி, நாயி... ஆஹா, ஒண்ணுமே இல்ல அதுல! எனக்குக் கொட்டாவியே வந்துச்சு. திடீர்னு 'எப்ப வருவே'ல தொண்டை இடறுது. முன்னாடி ஹீரோ வாழ்க்கையே போச்சேன்னு உக்காந்திருக்கான், அவனுக்கே இன்னும் இடறலை. பின்னாடி உக்காந்து சாப்பிடற உங்களுக்கு என்ன கேடு?

ஆண் குரல்: வீட்டுப் பேச்சுன்னா கொஞ்சம் பாசம் இருக்காதா சார்?

ரெக்கார்டிஸ்ட்: இருக்கும். வெளியில தெரியாது. எங்க வீட்டுக்காரி இருக்காளே, நான் செருப்பு மாட்டும்போது தினமும் 'கிளம்பியாச்சா?'ன்னு கேப்பா. கண்ணு முன்னாடி செருப்பு மாட்டறேன், வேற என்ன, படுக்கவா போறேன்? முதல் ரெண்டு வருஷம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு நாள் நல்லா சண்டை. அவ கேக்கலை. செருப்பை மாட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷம் வாசல்லயே நின்னேன். அவ கேட்டாத்தானே எனக்குக் கால் நகரும்!

பெண் குரல்: அப்புறம் கேட்டாங்களா?

ரெக்கார்டிஸ்ட்: கேட்டா. 'இன்னும் போகலையா'ன்னு கேட்டா. அந்தப் பேச்சுதான் எனக்கு வேணும். நான் இருக்கேன், நீ இருக்கியா... அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு குந்துமணி அர்த்தம் வேணாம். இருங்க, புரொட்யூசர் ஆபீஸ்லேருந்து போன். ரெண்டு நிமிஷம். மைக்கை மூடிட்டுப் போறேன். நீங்க என்ன பேசினாலும் யாருக்கும் கேக்காது, தாராளமாப் பேசிட்டிருங்க.

ஆண் குரல்: ஃபேன் ஓடலை.

பெண் குரல்: சத்தம் வரும்னு நிறுத்தியிருப்பாங்க சார்.

ஆண் குரல்: ஏ.சி.யும் ஓடலை.

பெண் குரல்: அதுவும் சத்தம் வரும்.

ஆண் குரல்: ஆமா. அதுக்கும் சத்தம் உண்டு.

பெண் குரல்: ...ஏதோ கேக்க வந்தீங்களா?

ஆண் குரல்: நானா? இல்லையே மேடம்.

பெண் குரல்: சரி சார்.

ஆண் குரல்: நாளைக்கு பஸ் எத்தனை மணிக்கு?

பெண் குரல்: ஆறரை.

ஆண் குரல்: ஆறரை நல்ல நேரம். கூட்டம் இருக்காது. ஜன்னல் சீட்டு கிடைக்கும்.

பெண் குரல்: அவ்வளவுதானா?

ஆண் குரல்: தண்ணி பாட்டில் எடுத்து வெச்சுக்கங்க.

பெண் குரல்: ...வெச்சுக்கறேன்.

ஆண் குரல்: மூடியை நல்லாத் திருகிக்கங்க. பைக்குள்ள கொட்டிடும்.

பெண் குரல்: சார், நீங்க என்கிட்ட முதல் முதல்ல பேசின வார்த்தை ஞாபகம் இருக்கா?

ஆண் குரல்: ரயில் பெட்டி சீன்.

பெண் குரல்: என்ன பேசினீங்க?

ஆண் குரல்: ...'ஏண்டி, வீட்டைப் பூட்டினியா'.

பெண் குரல்: பேர் கேக்கலை, ஊர் கேக்கலை, ஒரு வணக்கம் கிடையாது. எடுத்த எடுப்புல ஏண்டி! நானும் 'பூட்டிட்டேங்க, பக்கத்து வீட்ல சாவி குடுத்திருக்கேன்'னேன். லைட் அணைஞ்சுது. வெளியில வந்தா நீங்க ஒரு பெஞ்சு, நான் ஒரு பெஞ்சு. பதினாலு வருஷமா அதே பெஞ்சு.

ஆண் குரல்: மரியாதைக்குத்தான் மேடம்...

பெண் குரல்: போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் வரலை. திரும்பி வந்தன்னிக்கு வராண்டாவுல என்னைப் பாத்தீங்க. ஒரு வார்த்தை கேட்டீங்களா?

ஆண் குரல்: கேட்டேனே.

பெண் குரல்: எங்க கேட்டீங்க? உள்ள வந்து, லைட் எரிஞ்சு, கல்யாண வீட்டுக் கூட்டத்துல... 'காய்ச்சல் விட்டுச்சா, மாத்திரை போட்டியா, ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே'ன்னு. அந்த டேக்கையும் ஓகே பண்ணிட்டாரு இவரு.

ஆண் குரல்: படத்துல வந்திருக்கும்.

பெண் குரல்: தியேட்டருக்குப் போய்ப் பாத்தேன். ஒண்ணும் கேக்கலை, ஒரே மேளச் சத்தம். ஆனா அங்கதான் இருக்குன்னு எனக்குத் தெரியுமே, அதனால ரெண்டு தடவை பாத்தேன். ஏன் சார், லைட் எரிஞ்சா வாளி, நாயி, காய்ச்சல்னு பொழியறீங்க. அணைஞ்சா தண்ணி பாட்டிலோட நின்னுடறீங்க?

ஆண் குரல்: எரியும்போது பேசறது கணக்குல வராது மேடம். தப்பாப் பேசினாலும் கட் பண்ணிட்டு மறுபடி எடுத்துக்கலாம். அணைஞ்சப்புறம் பேசினா அது பேசினதுதான். அதுக்கு ரெண்டாவது டேக் கிடையாது.

பெண் குரல்: வீட்லயும் இப்படித்தானா?

ஆண் குரல்: வீட்ல யாரு இருக்கா பேச? தனிக்கட்டை. சாயங்காலம் கதவைத் திறந்தா காலைல வெச்ச டம்ளர் வெச்ச இடத்துலயே இருக்கும். எனக்குக் குடித்தனம்னா இந்த ரூம்தான். இந்த ஸ்டூலு, இந்த மைக்கு, நீங்க. உங்களுக்குப் பதிலா மேனேஜர் வேற யாரையோ தேடறாராம். அந்தப் புது ஆள்கிட்ட போய் நான் எப்படி 'குழாய் ஒழுகுது'ன்னு ஆரம்பிப்பேன்?

பெண் குரல்: சொல்ல வந்ததைச் சொல்லுங்க சார்.

ஆண் குரல்: லைட் எரியலையே.

பெண் குரல்: அப்ப எரியும்போது சொல்லுங்க.

ஆண் குரல்: எரியும்போது சொன்னா அவரு கட் பண்றாரே!

பெண் குரல்: நீங்க தொண்டையை இடறிக்கிட்டுச் சொன்னா கட் பண்ணாம என்ன பண்ணுவாரு? சாதாரணமாச் சொல்லுங்க.

ஆண் குரல்: சாதாரணமாச் சொல்ற விஷயமா மேடம் அது?

பெண் குரல்: எது?

ஆண் குரல்: ...அவரு வந்துட்டாரு.

ரெக்கார்டிஸ்ட்: மன்னிக்கணும். புரொட்யூசர் ஆபீஸ்ல ஒரே பேச்சு, ஒரு சேதியும் இல்ல. அவங்களைக் கூட்டிட்டு வந்து உங்க ஸ்டூல்ல உக்கார வெச்சிருக்கலாம். சரி, வாளி போதும், வேற எடுங்க. டேக் அஞ்சு. பேசுங்க.

பெண் குரல்: என்னங்க, தையல்காரர் உங்க சட்டையைக் குடுத்துட்டாரு.

ஆண் குரல்: சரி.

பெண் குரல்: கை நீளமாப் போச்சு.

ஆண் குரல்: மடிச்சு விட்டுக்கறேன்.

பெண் குரல்: ஒரு கைதான் நீளம்.

ஆண் குரல்: அப்ப ஒரு கையை மடிச்சுக்கறேன்... இந்தா... நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?

ரெக்கார்டிஸ்ட்: கட்! அண்ணே.

ஆண் குரல்: சார்.

ரெக்கார்டிஸ்ட்: நீங்க யாரு?

ஆண் குரல்: பின் டேபிள் புருஷன்.

ரெக்கார்டிஸ்ட்: அவங்க?

ஆண் குரல்: பின் டேபிள்... பொண்டாட்டி.

ரெக்கார்டிஸ்ட்: உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு அண்ணே! ஆகி ஒரு மாமாங்கம் ஆச்சு! அதோ திரையில பாருங்க, பக்கத்துல ஸ்கூல் பையோட உங்க பொண்ணு உக்காந்து சாப்பிடுது! அதை வெச்சுக்கிட்டு இப்பப் போய் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டா அந்தக் குழந்தை என்ன நினைக்கும்?

ஆண் குரல்: மன்னிச்சிடுங்க சார். வாய் தவறிடுச்சு.

ரெக்கார்டிஸ்ட்: வாய் தவறினா கையின்னு சொல்ல வந்தவரு காலுன்னு சொல்லுவாரு. கல்யாணம் எங்கேருந்து வரும்? மணி பன்னெண்டு அம்பது. போதும் சாமி. கம்ப்யூட்டர்ல பழைய ஹோட்டல் இரைச்சல் கிடக்கு, அதை எடுத்துப் போட்டு மூடிடறேன். நீங்க கிளம்புங்க.

பெண் குரல்: சார், ஒரே ஒரு டேக் குடுங்க.

ரெக்கார்டிஸ்ட்: வேணாம் மேடம். அடுத்து இவரு குழந்தைக்குப் பேர் வைப்பாரு.

பெண் குரல்: கடைசி நாள் சார். இரைச்சலைப் போட்டு என்னை அனுப்பாதீங்க. இந்தத் தடவை நான் பேசறேன், அவரு 'ம்' கொட்டினா போதும்.

ஆண் குரல்: மேடம், நான் அப்படிக் கேட்டது தப்புன்னா...

பெண் குரல்: 'ம்' கொட்டினா போதும் சார்.

ஆண் குரல்: கோவமா?

பெண் குரல்: லைட் இன்னும் எரியலை. நான் பேச மாட்டேன்.

ரெக்கார்டிஸ்ட்: சரி, மேடத்துக்காக. டேக் ஆறு. இதுக்கு மேல ஏழு கிடையாது. பேசுங்க.

பெண் குரல்: என்னங்க, வீட்டுச் சாவி ஒண்ணுதானே இருக்கு?

ஆண் குரல்: ம்... ஒண்ணுதான்.

பெண் குரல்: இன்னொண்ணு போட்டுடுங்க. நீங்க வர்ற வரைக்கும் வாசல்ல காத்துக்கிட்டு நிக்க என்னால ஆகாது.

ஆண் குரல்: ...ம்.

பெண் குரல்: அலமாரியில ரெண்டு தட்டு ஒழிச்சு வைங்க.

ஆண் குரல்: அலமாரி காலியாத்தான் இருக்கு.

பெண் குரல்: அப்ப உங்க துணியெல்லாம் எங்க இருக்கு?

ஆண் குரல்: நாற்காலி மேல.

பெண் குரல்: நல்லா இருக்கு போங்க. இனிமே நாற்காலியில மனுஷங்க உக்காரணும்.

ஆண் குரல்: ம்.

பெண் குரல்: ஒரு பெட்டி, ஒரு தையல் மெஷின், ஒரு மேஜை விளக்கு. அவ்வளவுதான் என் சாமான். சின்ன வண்டி போதும்.

ஆண் குரல்: ம்.

பெண் குரல்: ரிஜிஸ்டர் ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கறாங்கன்னு விசாரிச்சு வைங்க. சாட்சிக்கு ஆள் வேணுமாம்.

ஆண் குரல்: ...

பெண் குரல்: ம் கொட்டுங்க.

ஆண் குரல்: ம்.

பெண் குரல்: போட்டோ கேப்பாங்க. இருக்கா?

ஆண் குரல்: பழசு ஒண்ணு இருக்கு. தலையில முடி இருந்தப்ப எடுத்தது.

பெண் குரல்: புதுசா எடுத்துடுங்க, அடையாளம் தெரியணுமில்ல. குறட்டை விடுவீங்களா?

ஆண் குரல்: தெரியலை. யாரும் சொன்னதில்ல.

பெண் குரல்: நான் சொல்றேன். சாப்பிடுங்க, ஆறுது.

ஆண் குரல்: ம்... நீயும் சாப்பிடு.

ரெக்கார்டிஸ்ட்: கட்! ஓகே! ஓகே, ஓகே, ஓகே! இதுக்குத்தானே காலையிலேருந்து அடிச்சுக்கறேன்! சாவி, அலமாரி, போட்டோ... ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை காதுல நிக்கலையே! நடுவுல நான் கரண்ட் பில் கட்டணுமேன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன் மேடம், அவ்வளவு வெறும் பேச்சு!

பெண் குரல்: ரொம்ப தேங்க்ஸ் சார்.

ரெக்கார்டிஸ்ட்: அண்ணே, கத்துக்கங்க. மேடம் பேசினதுல ஏதாவது விஷயம் இருந்துச்சா? நீங்களே சொல்லுங்க.

ஆண் குரல்: இல்ல சார். ஒண்ணுமே இல்ல.

ரெக்கார்டிஸ்ட்: அதான்! ...ஏன் அண்ணே கண்ணைத் துடைக்கறீங்க?

ஆண் குரல்: ஃபேன் இல்ல சார். வேர்க்குது.

ரெக்கார்டிஸ்ட்: கண்ணு எங்கயாவது வேர்க்குமா? சரி, கிளம்புங்க. லைட்டை அணைச்சாச்சு, மைக்கையும் மூடறேன். மேடம், அக்கா வீட்டுக்குப் போனதும் எங்களை மறந்துடாதீங்க.

பெண் குரல்: மறப்பேனா சார்.

ஆண் குரல்: ...மேடம்.

பெண் குரல்: என்னங்க?

ஆண் குரல்: லைட் அணைஞ்சிடுச்சு.

பெண் குரல்: தெரியும்.

ஆண் குரல்: மைக்கும் மூடியாச்சு.

பெண் குரல்: அதுவும் தெரியும். என் பையை எடுங்க, போலாம்.

ஆண் குரல்: இல்ல... இப்ப 'என்னங்க'ன்னீங்களே, அது... கணக்குல வர்றதா, வராததா?

பெண் குரல்: உங்களுக்கு எப்படி வேணும்?

ஆண் குரல்: எனக்கு அது வேணும் மேடம். இன்னொரு டேக் இல்லாம. பதினாலு வருஷமா வேணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாயைப் பத்தியும் வாளியைப் பத்தியும் பேசிக்கிட்டே இருந்துட்டேன்.

பெண் குரல்: பாருங்க, லைட் இல்லாமலே பேச்சு வருதே.

ஆண் குரல்: ஆனா... உங்க அக்கா? பாவம், ரூமையெல்லாம் ஒழிச்சு வெச்சுக்கிட்டு காத்துக்கிட்டிருப்பாங்களே. அவங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது?

பெண் குரல்: பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்கார்றவன்கூட ரெண்டு ஸ்டாப் தாண்டறதுக்குள்ள 'கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு'ன்னு கேட்டுடுவான். பதினாலு வருஷத்துல நீங்க ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா, இப்படி ஒரு பொய்யைச் சொல்லி உங்க வாயைத் திறக்க வேண்டிய அவஸ்தை எனக்கு வந்திருக்காது. எனக்கு ரெண்டும் தம்பிங்கதாங்க, அக்காவே கிடையாது.